கப்பல் நேரம், தீவு நேரம்

நாகேசக்காவின் குசினிச் சுவரில் தொங்கும் மணிக்கூடு இருபது வருடமாக அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. அதில் பழுது எதுவும் இல்லை. பற்றரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, அதற்கு மேல் முப்பது நிமிடம் கூட்டி அவரே வைக்கிறார். எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் "அக்கா, உங்கட மணிக்கூடு பிழை" என்பார்கள். "பிழையில்லைப் பிள்ளை, அது புது நேரம்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புது நேரம் என்றால் விளங்காது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. வன்னியை அப்போது வைத்திருந்த இயக்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே கிட்டத்தட்டப் பத்து வருடம் எங்களுக்கு ஒரு நேரம், வன்னி எல்லையான ஓமந்தைக்கு அப்பால் இன்னொரு நேரம். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே ஐந்தரை. இங்குள்ளதைப் பழைய நேரம் என்போம், அங்குள்ளதைப் புது நேரம் என்போம். வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஒரு அலுவலாகப் போகிறவர் யாராயிருந்தாலும் "எந்த நேரம்?" என்று கேட்காமல் வெளிக்கிட மாட்டார். இரண்டாயிரத்தாறு சித்திரையில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. நாடு முழுவதும் மறுபடி ஒரே நேரம் ஆனது, நாகேசக்காவின் குசினியைத் தவிர.

நான் சிவரூபி. பக்கத்து வளவு. முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இந்தக் கதையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, கேட்டதைச் சொல்வதைத் தவிர. ஆனால் நடுநிலையாகச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். நான் நாகேசக்காவின் பக்கம். மறந்துவிடு, மன்னித்துவிடு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு முறை ஒரு நிறுவனத்தார் எங்கள் முன்பள்ளியில் தாய்மாருக்கு மன்னிப்பைப் பற்றி இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். நாகேசக்கா முதல் நாள் தேநீரும் ரோல்சும் முடிந்த கையோடு எழுந்து வந்துவிட்டார். எனக்கும் எழுந்து வர ஆசை. சம்பளம் வாங்கும் இடம் என்பதால் இருந்தேன்.

நாகேசக்காவின் முழுப்பெயர் நாகேஸ்வரி. ஐம்பத்து மூன்று வயது. மூன்று ஏக்கர் வயல், இரண்டு மாடு, ஒரே மகள் யதுர்ஷிகா. கணவர் பாலன் இரண்டாயிரத்தில் கனடாவுக்குப் போனார். போய் ஐந்தாம் வருடம் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடக் கடிதம் போட்டு, கொழும்பில் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் திகதி வந்தது. காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு முதல் நாள் பின்னேரமே வன்னி எல்லையில் இருந்த சோதனைத் தடையைக் கடந்து வவுனியாவில் இரவு பஸ் பிடிக்க வேண்டும்.

தடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று நாகேசக்கா விசாரித்தது தன் மச்சாளிடம். பாலனின் தமக்கை, பெயர் அன்னபாக்கியம். வவுனியாவில் வீடு. சேலை வியாபாரம் என்று கிழமைக்கு ஒரு தடவை தடையைக் கடந்து வந்து போவார். அவருக்குத் தெரியாத நேரம் இல்லை. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன், மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

"அஞ்சரை மட்டும் விடுவாங்கள்" என்றார் அன்னபாக்கியம்.

"புது நேரமோ பழைய நேரமோ மச்சாள்?"

"பழைய நேரம்தான். போன கிழமைதான் கதைச்சு மாத்தினவங்கள். நான் போய் வாறனான்தானே, எனக்குத் தெரியாதே?"

அதை நம்பி நாகேசக்கா மத்தியானம் மாமியாருக்குச் சோறு ஊட்டி, உடுப்பு மாற்றி, பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டு வெளிக்கிட்டார். மாமியார் படுத்த படுக்கை. யதுவுக்கு ஏழு வயது, பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தது. இயக்கத்தின் பக்கத்துத் தடை இருந்த புளியங்குளத்தில் போய் இறங்கியபோது பழைய நேரம் ஐந்து பத்து. தடி குறுக்கே கிடந்தது. காவலில் நின்ற பெடியன் பாவப்பட்டுச் சொன்னான்:

"அக்கா, அங்கால பூட்டிப் பத்து நிமிசம். புது நேரம் அஞ்சரைக்குப் பூட்டுவாங்கள். உங்களுக்குத் தெரியாதோ?"

"இப்ப மாத்தினதெண்டு சொல்லிச்சினமே தம்பி."

"ஒண்டும் மாத்தேல்லை அக்கா."

அன்றிரவு தாயும் பிள்ளையும் பூட்டிய கடையொன்றின் முன்னால் சாக்கு விரித்துப் படுத்தார்கள். யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளை சப்பாத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நித்திரையானது. விடிய எட்டு மணிக்குக் கொழும்பில் இவர்களின் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அடுத்த திகதி ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அந்தத் திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போது வவுனியாவுக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையையே பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். கடைசிச் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது நாகேசக்கா மாமியாரைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு போனார். தேவிபுரத்தில் மாமியார் செத்தார். மகளும் மகனும் இல்லாமல் மருமகள்தான் குழி வெட்டி மூடினார். அதற்கு ஒரு வருடம் முன்னரே பாலன் கனடாவில் இன்னொருத்தியோடு வாழத் தொடங்கியிருந்தார். அதற்கு அவர் தொலைபேசியில் சொன்ன காரணம் நாகேசக்காவுக்கு இன்றைக்கும் பாடம். "ஒரு நேரத்தைக் கூடப் பாக்கத் தெரியாத பொம்பிளையோடை நான் என்னெண்டு குடும்பம் நடத்துறது?"

அன்னபாக்கியம் அப்படித்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் சரியாகத்தான் சொன்னேன், அவள்தான் பழைய நேரத்தையும் புது நேரத்தையும் குழப்பிவிட்டாள் என்று. ஊரும் நம்பியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் நம்பினேன். நாகேசக்காவே பாதி நம்பினார். நான்தான் பிழையாகக் கேட்டேனோ, பிள்ளையின் வாழ்க்கையை நான்தான் தொலைத்தேனோ என்று ஏழு வருடம் தன்னையே தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முந்தி வைக்கத் தொடங்கியது. தனக்குத் தானே கொடுத்த தண்டனை அது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அன்னபாக்கியத்தின் கணவர் வீரகத்தி வருத்தமாகி வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? நாகேசக்காவைத்தான். அந்தக் குடும்பத்தில் யார் படுத்தாலும் சட்டியேந்த நாகேசக்கா வேண்டும். ஒன்பதாம் நாள் வீரகத்தி அவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, நான் போகப் போறன். இதைச் சொல்லாமல் போகேலாது. அண்டைக்கு அவள் வேணுமெண்டுதான் நேரத்தை மாத்திச் சொன்னவள். நீ போனால் மாமி தன்ர தலையில விழுமெண்டு."

நாகேசக்கா அவருக்குத் தண்ணீர் பருக்கி, போர்வையை இழுத்து மூடிவிட்டு, வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். அன்று தொடக்கம் அந்த மணிக்கூடு தண்டனை இல்லை. அது வேறு கணக்கில் ஓடியது.

உடனே ஏன் கேட்கவில்லை என்று நான் ஒரு நாள் கேட்டேன். யது அப்போது வவுனியாவில் அன்னபாக்கியத்தின் வீட்டில் நின்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. படிப்பு முடியட்டும் என்று காத்தார். பிறகு யது பல்கலைக்கழகம் போய் ஆசிரியையும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு காத்தது சரியான இடத்துக்கு. "சும்மா போய்க் கேட்டால் இல்லையெண்டு சத்தியம் பண்ணுவா, ரூபி. தன்ர வாயால ஓமெண்டு சொல்லோணும். அதுவும் பாலனுக்குச் சொல்லோணும். எனக்கு அது போதும்" என்றார். வேறு எதுவும் அவர் கேட்டதில்லை. அந்த ஒரு வசனம்தான்.

இந்த வருடம் அன்னபாக்கியத்துக்கு எழுபது வயது. லண்டனில் இருக்கும் மகன் சுஜிதன் தாயைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து ஐந்து நாள் உல்லாசக் கப்பலில் கொண்டுபோக ஒழுங்கு செய்தான். அவனின் மனைவி அனோஜா நாகேசக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் அப்போது குசினியில் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாமி, நீங்களும் வாங்கோ. ரிக்கற் நாங்கள் போடுறம். அம்மாவுக்குக் கால் ஏலாது, பக்கத்தில ஆரும் வேணும்."

நாகேசக்கா வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லப் போனார். எனக்கு முகத்தில் தெரிந்தது. அதற்குள் அனோஜா சொன்னாள்:

"கப்பலில ஒரு நேரம், இறங்கிற தீவில ஒரு மணித்தியாலம் குறைஞ்ச நேரம். அம்மா குழம்பிப்போவா. நீங்கள் நிண்டால் எங்களுக்கு நிம்மதி."

நாகேசக்கா திறந்த வாயை மூடினார். சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார். "வாறன் பிள்ளை" என்றார்.

இனி நான் சொல்வது அவர் வந்த பிறகு எனக்குச் சொன்னது. மூன்று பின்னேரம் சொன்னார், ஒரு சொல்லும் மாறாமல்.

கப்பல் பன்னிரண்டு மாடி. உள்ளே நீச்சல் குளம், கடை, பாட்டுக் கச்சேரி, எந்நேரமும் சாப்பாடு. நாகேசக்கா மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் சாப்பாட்டு மேசைக்குப் போனார். அன்னபாக்கியத்துக்கு வேலை வாங்க எந்த ஊரும் ஒன்றுதான். "நாகேசு, தேத்தண்ணி எடுத்து வா. நாகேசு, காலுக்குத் தைலம் போடு. நாகேசு, என்ர கண்ணாடி எங்க?" கடலைப் பார்க்க வந்தவர் இரண்டு நாளும் பார்த்தது மச்சாளின் கால்களை.

இரண்டாம் நாள் இராச்சாப்பாட்டின்போது அறிவித்தல் வந்தது. நாளைக்கு ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் கப்பல் நிற்கும், கரைக்கு வள்ளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், தீவின் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு, ஆனால் எல்லோரும் கப்பல் நேரத்தையே பார்க்க வேண்டும் என்று. அதே மேசையில் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றும் இருந்தது. அறிவித்தல் முடியும் முன்னரே அன்னபாக்கியம் அவர்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கதை சொல்லத் தொடங்கினார்.

"எங்கட நாகேசுக்கு நேரம் பாக்கத் தெரியாது. ஒருக்கா அரை மணித்தியாலத்தால கனடாவையே விட்டவள். என்ர தம்பி பாவம், அங்க தனிச்சுப் போனான்."

மேசை சிரித்தது. சுஜிதனும் சிரித்தான். நாகேசக்காவும் சிரித்ததாகச் சொன்னார். சிரித்துக்கொண்டே எழுந்து, வாசலில் நின்ற தமிழ் தெரிந்த பணியாளரிடம் போய், நாளைக்குக் கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு, எந்த நேரம், ஆள் வராவிட்டால் என்ன நடக்கும் என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசி வள்ளம் கப்பல் நேரம் நாலரை. தீவின் மணிக்கூட்டில் அது மூன்றரை. ஆள் வராவிட்டால் கப்பல் அதிக நேரம் காத்து நிற்காது.

காலையில் கைப்பைக்குள் அன்னபாக்கியத்தின் சீனி வருத்த மருந்தை வைத்தார். சால்வை, பிஸ்கற், ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் வைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதையும் உள்ளே போட்டார்.

தீவு அரை நாளில் நடந்து முடிக்கக் கூடிய அளவு. வெள்ளை மணல், தென்னை, மர இறங்குதுறை ஒன்று. சுஜிதனும் அனோஜாவும் மீன் பார்க்க வேறு வள்ளத்தில் போக வேண்டியிருந்தது. அவர்கள் அங்கிருந்து நேரே கப்பலுக்குப் போய்விடுவார்கள்.

"மாமி, நாலரை. கப்பல் நேரம். மறந்திடாதேங்கோ" என்றான் சுஜிதன்.

"மறப்பனே" என்றார் நாகேசக்கா.

அன்னபாக்கியம் அப்போது தள்ளி நின்று தொப்பி விலை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இளநீர்க் கடைச் சுவரில் மணிக்கூட்டைக் கண்டதும் தன் தங்க மணிக்கூட்டைக் கழற்றி ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். பழக்க தோஷம். தடையைக் கடந்து வந்து போன காலம் முழுவதும் நிற்கிற இடத்து நேரத்துக்கு மணிக்கூட்டைத் திருப்பியே பழகிய ஆள் அவர். திருப்பி முடித்துவிட்டுத்தான் அவருக்கு ஐமிச்சம் வந்தது.

"நாகேசு, வள்ளம் நாலரைக்கு எண்டால் எந்த நேரம்? கப்பல் நேரமோ இவையின்ர நேரமோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாகேசக்கா விமானம் ஏறி, கப்பல் ஏறி, வள்ளம் ஏறி வந்திருந்தார். சொல்லவா விடவா என்று ஒரு மூச்சு நேரம் யோசித்தாராம். அந்த ஒரு மூச்சில் வெள்ளைச் சப்பாத்து நினைவுக்கு வந்தது.

"இவையின்ர நேரம்தான் மச்சாள். சுஜிதன் சொன்னவன்தானே, எனக்குத் தெரியாதே?"

அன்னபாக்கியம் நிம்மதியாகத் தென்னைகளுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் கால் பிடித்துவிடும் பெண்ணிடம் போய்ப் படுத்தார். ஒரு மணித்தியாலம் கால் பிடித்தார்கள். அவர் குறட்டை விட்டார். கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து துவாயை உதறிக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் போவதை நாகேசக்கா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து திறந்து நேரம் பார்த்தார். தனியே போய் வள்ளத்தில் ஏறியிருக்கலாம். மச்சாளைத் தனியே விட்டுவிட்டுக் கப்பலில் நின்று பார்த்திருக்கலாம். எனக்கு அந்த யோசனைதான் வந்தது, நான் அவரிடம் அதைக் கேட்டும் விட்டேன்.

"அவவின்ர முகத்தை ஆர் பாக்கிறது?" என்றார் நாகேசக்கா.

கப்பல் நேரம் நாலரையாக இருந்தபோது அன்னபாக்கியத்தை எழுப்பினார். செருப்புப் போட்டுவிட்டார். கையைப் பிடித்து மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு போனார். இறங்குதுறையில் கால் வைக்கும்போது நாலு நாற்பது. வள்ளம் பத்து நிமிடத்துக்கு முன் வெளிக்கிட்டு, கப்பலை நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்குதுறையில் ஒரு மனிசரும் இல்லை. கப்பல்காரர்கள் வைத்த அறிவித்தல் பலகை மட்டும் ஒரு ஓரத்தில் நின்றது.

"இதென்ன, வள்ளம் போகுது" என்றார் அன்னபாக்கியம்.

"ஓம், போகுது."

"நாலரைக்கு இன்னும் ஐம்பது நிமிசம் கிடக்கு."

"அது தீவு நேரம் மச்சாள். வள்ளம் கப்பல் நேரத்துக்கு."

"நீதானே சொன்னனீ இவையின்ர நேரமெண்டு."

"ஓம். நீங்களும் ஒருக்காச் சொன்னனீங்கள், பழைய நேரமெண்டு."

அன்னபாக்கியம் கடலைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், பிறகுதான் நாகேசக்காவைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பதின்மூன்று வருடம் காத்தது வீண் போகவில்லை என்றார் நாகேசக்கா.

"என்ர மருந்து கப்பலில. பாஸ்போட் கப்பலில. பாசை தெரியாது. நாகேசு, என்ன வேலை செய்து வச்சிருக்கிறாய்?"

"மருந்து என்ர பையில கிடக்கு. சால்வை கிடக்கு. பிஸ்கற்றும் கிடக்கு. அண்டைக்கு ஏழு வயதுப் பிள்ளையோடை நிண்ட எனக்கு ஒருத்தரும் இதொண்டும் கட்டித் தரேல்லை."

அன்னபாக்கியம் அப்படியே இறங்குதுறையில் குந்திவிட்டார்.

"அம்மாவை ஆர் பாக்கிறது எண்டுதான். நான் வியாபாரத்தையும் வச்சுக்கொண்டு, அவர் குடிச்சுப்போட்டு வர, நான் என்ன செய்ய? பயந்திட்டன்."

"எனக்குச் சொல்லாதேங்கோ. பாலனுக்குச் சொல்லுங்கோ."

"இப்ப அங்க விடியக்காலமை. நித்திரையா இருப்பான்."

"நித்திரையா இருந்தாலும் எடுங்கோ."

இளநீர்க் கடையின் இணைய இணைப்பு இறங்குதுறை வரைக்கும் எடுக்கும். காலையிலேயே கடைப் பெண்ணிடம் கொடுத்து, அன்னபாக்கியத்தின் தொலைபேசியில் அதைப் போட்டு வைத்திருந்தார் நாகேசக்கா. அன்னபாக்கியம் தம்பியின் பெயரை அமத்தினார். நாகேசக்கா கை நீட்டி ஒலியைக் கூட்டினார்.

"அக்கா? என்ன, ஆருக்கும் ஏதுமோ?" பாலனின் குரல். நாகேசக்கா அந்தக் குரலைக் கேட்டுப் பதினேழு வருடம்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை தம்பி. அது வந்து, அண்டைக்கு நாகேசு கொழும்புக்கு வெளிக்கிட்டவள்தானே. அவள் குழப்பேல்லை. நான்தான் வேணுமெண்டு நேரத்தை மாத்திச் சொன்னனான்."

சொல்லிவிட்டார். அந்த ஒரு வசனம் வந்துவிட்டது. நாகேசக்கா கண்ணை மூடிக்கொண்டாராம். அடுத்ததாகப் பாலன் என்ன சொல்வார் என்று அவர் இத்தனை காலமும் மனதில் எத்தனையோ விதமாகக் கேட்டு வைத்திருந்தார். ஏன் அக்கா இப்படிச் செய்தனீங்கள் என்று சத்தம் போடுவார். அல்லது அழுவார். அல்லது நாகேசு எங்கே என்று கேட்பார்.

பாலன் கொட்டாவி விட்டார்.

"இதைச் சொல்லவோ இந்த நேரத்தில எடுத்தனீங்கள்? அதுதான் நீங்கள் அந்தக் கிழமையே எனக்குச் சொன்னனீங்களே. பழைய கதையை ஏன் இப்ப கிண்டுறியள்? வையுங்கோ, எனக்கு வேலைக்குப் போகோணும்."

வைத்துவிட்டார்.

அன்னபாக்கியம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன்தான் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவன்" என்றார் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு.

நெஞ்சுக்குள் பற்றி எரிந்தது என்றார் நாகேசக்கா. அந்தக் கிழமையே தெரியும். தெரிந்துகொண்டே மூன்று வருடம் கழித்து, நேரம் பார்க்கத் தெரியாத பொம்பிளை என்று சொல்லிக் கைகழுவினார். இவர் மாமியாரைச் சைக்கிளில் உருட்டிக்கொண்டு போனபோதும் தெரியும். தன் தாயைக் குழிக்குள் வைத்தபோதும் தெரியும். மச்சாள் நேரத்தைத்தான் திருடினார். பாலன் அதைத் தனக்கு வசதியாக எடுத்துப் பாவித்தார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே எழுந்து போய் எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. நாகேசக்கா அங்கே எதையும் உடைக்கவில்லை. மருந்தை எடுத்துக் கொடுத்தார். போத்தலைத் திறந்து கொடுத்தார். சால்வையை மட்டும் கொடுக்கவில்லை, தானே போர்த்துக்கொண்டார்.

அரை மணித்தியாலத்தில் கப்பலில் இருந்து ஒரு சின்ன வள்ளம் வந்தது. இரண்டு பேர் குறைகிறார்கள் என்று கண்டதும் சுஜிதன் அங்கே தலைகீழாக நின்றிருக்கிறான். கப்பலை நெருங்கும்போது மேல் மாடிகள் எல்லாவற்றிலும் சனம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. பிந்தி வருகிறவர்களுக்குக் கை தட்டிக் கூச்சல் போடுவது அங்கே வழக்கமாம். ஐந்நூறு பேர் கை தட்ட அன்னபாக்கியம் ஏணியில் ஏறினார். நேற்று மேசையில் கதை கேட்டுச் சிரித்த குடும்பமும் அதில் நின்றது.

"மாமி, நான் உங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனானே" என்று பாய்ந்தான் சுஜிதன்.

"தீவு நேரமெண்டு நினைச்சிட்டன் தம்பி. எனக்கு நேரம் பாக்கத் தெரியாதுதானே" என்றார் நாகேசக்கா, மச்சாளைப் பார்த்துக்கொண்டு.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அன்னபாக்கியம் கைப்பிடியைப் பிடித்தபடி சொன்னார். "அவளை ஏசாத. அவளுக்கு நேரம் தெரியும். அண்டைக்கும் தெரியும். பிழையாச் சொன்னது நான்தான்."

சுஜிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. அடுத்த நாள் காலை அன்னபாக்கியம் தானே தேத்தண்ணி எடுத்து வந்து நாகேசக்காவின் முன்னால் வைத்தாராம். நாகேசக்கா அதைத் தொடவில்லை. ஆற விட்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம். இப்போது வீட்டில் கலியாண வேலை. யதுவுக்கு அடுத்த மாதம் கிளிநொச்சியில் கலியாணம். மாப்பிள்ளை பளைப் பெடியன், அவனும் ஆசிரியர். போன கிழமை நான் பலகாரத்துக்கு மா அரிக்கப் போனேன். குசினிச் சுவரில் மணிக்கூடு வழக்கம் போல அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மச்சாள் வாயால சொல்லிப்போட்டாதானே. இனி இதைச் சரிப்படுத்தினால் என்ன?"

"இன்னும் ஒராள் கிடக்குது" என்றார்.

பாலன் கலியாணத்துக்கு வருகிறாராம். தகப்பன் முறைக்குத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அங்கே உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டும். பட்டு வேட்டியும் எடுத்துவிட்டாராம். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி, அன்று காலை நேரே மண்டபத்துக்கு வருவாராம். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்.

மேசையில் அழைப்பிதழ் கட்டுகள் கிடந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முகூர்த்தம் காலை ஒன்பது பத்து. பக்கத்தில் தனியே, கனடா விலாசம் எழுதிய உறைக்குள் பாதி நுழைத்தபடி இன்னொன்று. அதே பிள்ளையார், அதே மஞ்சள் எழுத்து, அதே மண்டபம். முகூர்த்தம் காலை ஒன்பது நாற்பது.

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பது நாற்பதென்று நம்பி அவர் பட்டு வேட்டியோடு கால் மணித்தியாலம் முந்தியே வந்து இறங்கினாலும் தாலி ஏறி முடிந்திருக்கும். தாரை வார்த்துக் கொடுத்தது நாகேசக்காவின் தம்பியாக இருக்கும்.

"அக்கா, இது யதுவுக்குத் தெரியுமோ?"

நாகேசக்கா மாவை அரித்துக்கொண்டே சொன்னார்.

"அவள்தான் இந்த ஒண்டைத் தனியா அடிப்பிச்சுக்கொண்டு வந்தவள்."